மையச் சுவிட்சை மாற்றும் நேரம்: ஒரே நிறுவனமா, திறந்த தரநிலையா?

வலைக்காரன் (காரைக்குடி)

வணக்கம். காரைக்குடியில் ஓர் அறக்கட்டளை நடத்தும் கல்லூரிக்கும், தேவகோட்டையில் அதே அறக்கட்டளைக்குச் சொந்தமான பள்ளிக்கும், கல்லூரியின் மாணவர் விடுதிக்கும் வலையமைப்பைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பில் 11 ஆண்டுகளாக இருக்கிறேன். 2 மையச் சுவிட்சுகள் (எல்லாக் கட்டடங்களின் வலைக்கம்பிகளும் வந்து சேரும் பெட்டிகள்), 46 சிறிய சுவிட்சுகள், 70க்குச் சற்று மேற்பட்ட வைஃபை கருவிகள், இரண்டு ஊர்களுக்கும் நடுவே வாடகைக்கு எடுத்த ஒரு ஃபைபர் இணைப்பு, இவ்வளவுதான் எங்கள் உலகம். மையச் சுவிட்சுகளுக்குத் தயாரிப்பாளரின் ஆதரவு வரும் மார்ச்சோடு முடிகிறது.

மேசையில் இரண்டு விலைப்புள்ளிகள் இருக்கின்றன. சுவிட்ச், வைஃபை, வெளித்தாக்குதலைத் தடுக்கும் ஃபயர்வால், இவற்றையெல்லாம் ஒரே திரையில் நிர்வகிக்கும் இணையவழிச் சேவை என அனைத்தையும் ஒரே பெருநிறுவனத்திடமிருந்து 5 ஆண்டு உரிமத்தோடு வாங்குவது முதலாவது. சுவிட்சுகளை ஒரு நிறுவனத்திடமும், வைஃபையை இன்னொன்றிடமும், ஃபயர்வாலை மூன்றாவதிடமும் வாங்கித் திறந்த தரநிலைகளால், அதாவது எந்த நிறுவனமும் பின்பற்றக்கூடிய பொது விதிகளால், இணைப்பது இரண்டாவது. பின்னது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவான விலை. செயலாளர் விலையைப் பார்க்கிறார். முதல் விலைப்புள்ளியைக் கொடுத்த டீலரோ, இப்போது எங்களிடம் இருக்கும் தீராத கோளாறுக்கே காரணம் பல நிறுவனக் கருவிகளைக் கலந்ததுதான் என்கிறார்.

அந்தக் கோளாறையும் சொல்லிவிடுகிறேன். விடுதியில் மின்சாரம் போனால், கல்லூரியின் பாதிக் கட்டடங்களில் இணையம் ஏறத்தாழ 50 விநாடிகள் நின்றுபோகிறது. மின்சாரம் திரும்பும்போது மறுபடியும் அரை நிமிடம் நிற்கிறது. கல்லூரி முழுவதும் யூபிஎஸ் உண்டு. விடுதியில் மட்டும்தான் கிடையாது. விடுதிக்கும் முதல்வர் அறைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. இதற்குக் கலப்படம்தான் காரணம் என்றால் முதல் விலைப்புள்ளிக்கே கையெழுத்திடச் சொல்லிவிடலாம் என்றுகூடத் தோன்றுகிறது. உங்கள் கருத்து வேண்டும்.


மதுரை ரோடு (வலையமைப்பு நிறுவுநர்)

ஐயா, இருபது ஆண்டுகளாக இந்த வட்டாரத்தில் ரேக் நிறுத்திக் கம்பி இழுத்துக் கொடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். ஒரே நிறுவனத்திடம் வாங்குங்கள்.

காரணம் தொழில்நுட்பம் அல்ல, ஆள். சுவிட்ச் நின்றால் மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ ஒருவர் வண்டி எடுத்து வந்து சேர இரண்டு மணி நேரம் ஆகும். வந்தவர், இது ஃபயர்வால் பக்கத்துக் கோளாறு, அவர்களைக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுக் கல்லுக்கட்டியில் காப்பி குடித்துத் திரும்பிப் போவார். ஃபயர்வால்காரர் அடுத்த நாள் வந்து சுவிட்சைக் கை காட்டுவார். இந்தக் கூத்தை நான் நேரில் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒரே நிறுவனம் என்றால் தட்டிக்கழிக்க இன்னொரு பெயர் இல்லை. ஒரே எண்ணில் புகாரைப் பதிவு செய்தால் அவர்களுக்குள்ளேயே பேசித் தீர்க்க வேண்டியிருக்கும்.

தவிர, உங்கள் ஊரில் கிடைக்கும் பையன்கள் ஒரு நிறுவனத்தின் கட்டளைகளைத்தான் படித்துவிட்டு வருகிறார்கள். மூன்று நிறுவனங்களின் கட்டளைகளும் தெரிந்த ஆள் காரைக்குடிச் சம்பளத்துக்கு நிற்க மாட்டார்.


பள்ளத்தூர் முல்லை (இப்போது பெங்களூரில்)

வலைக்காரன் அண்ணா, முதலில் உங்கள் கோளாற்றைப் பேசிவிடுவோம், ஏனென்றால் அதை வைத்துத்தான் டீலர் உங்களை நகர்த்துகிறார்.

50 என்ற எண்ணைப் பார்த்தவுடனேயே எனக்கு ஐயம் வந்துவிட்டது. சுவிட்சுகளுக்கு நடுவே போக்குவரத்து சுற்றிச் சுற்றி வரும் வளையம் உண்டாகாமல் காக்கும் ஸ்பானிங் ட்ரீ முறையை 1985இல் டெக் என்ற கணினி நிறுவனத்தில் இருந்த ரேடியா பெர்ல்மன் வகுத்தார். அது 1990இல், பொறியாளர் அமைப்பான ஐஇஇஇ வெளியிடும் தரநிலைகளில் 802.1டி என்ற எண்ணோடு வந்தது. அந்தப் பழைய முறையில் ஒரு சுவிட்சைத் தலைமையாகக் கொண்டுதான் மற்றவை தம் வழியைத் தீர்மானிக்கும்; அந்தத் தலைமைச் சுவிட்சிடமிருந்து செய்தி வருவது நின்றுபோனால் மற்றவை 20 விநாடிகள் காத்திருக்கும். அதன் பிறகு அடைத்து வைத்திருந்த போர்ட்டை (கம்பி செருகும் வாயை) திறப்பதற்கு முன் 15 விநாடிகள் கேட்கும், 15 விநாடிகள் கற்கும். கூட்டிப் பாருங்கள், 50 வருகிறது. எனவே உங்கள் வலையமைப்பில் யாரோ ஒரு தலைமைச் சுவிட்ச் மறைகிறது. அது விடுதியில் இருக்கிறது.

ஏன் விடுதியில்? தலைமைக்கான முன்னுரிமை எண்ணை யாரும் மாற்றாவிட்டால் எல்லாச் சுவிட்சிலும் 32768 என்றே இருக்கும். எல்லாம் சமம் என்றால் எதனுடைய மேக் முகவரி, அதாவது தயாரிப்பாளர் கருவிக்கு இடும் அடையாள எண், சிறியதோ அது தலைமையாகிவிடும். ஒரே தயாரிப்பாளரின் வரிசையில் பழைய கருவிக்குப் பெரும்பாலும் சிறிய முகவரி அமைந்துவிடுவதால், வீட்டுக்கு மூத்தவர் என்ற ஒரே தகுதியில் மாடிப்படிக்கு அடியில் தூசியோடு கிடக்கும் பெட்டி நாட்டாமை ஆகிவிடுவது வழக்கம். விடுதிக்கு இரண்டு மையச் சுவிட்சுகளிலிருந்தும் தனித்தனியே ஃபைபர் போகிறதா? நடுவில் ஃபைபரின் ஒளியைச் செப்புக்கம்பியின் மின்குறியாக மாற்றும் மீடியா கன்வெர்ட்டர் பெட்டிகள் இருக்கின்றனவா? இந்த இரண்டையும் பார்த்துச் சொல்லுங்கள்.


வலைக்காரன் (காரைக்குடி)

முல்லை, நீங்கள் நேரில் வந்து பார்த்ததுபோல் எழுதியிருக்கிறீர்கள். இரண்டு ஃபைபரும் உண்டு, இரண்டிலும் மீடியா கன்வெர்ட்டரும் உண்டு. இன்று மதியம் விடுதிக்குப் போனேன். வார்டன் அறைக்கு வெளியே மாடிப்படிக்கு அடியில், மேலே துவைத்த துண்டு காய்ந்துகொண்டிருக்க, நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே வைக்கப்பட்ட 24 போர்ட் சுவிட்ச் ஒன்று இருந்தது. அதன் முகவரியையும் மையச் சுவிட்ச் காட்டும் தலைமை முகவரியையும் ஒப்பிட்டேன்; ஒன்றேதான். 11 ஆண்டுகளாக எங்கள் கல்லூரியின் தலைமைச் சுவிட்ச் துண்டுக்கு அடியில்தான் இருந்திருக்கிறது.

அதைவிட வெட்கமான செய்தி ஒன்று. இரண்டு மையச் சுவிட்சுகளுக்கும் நடுவே நேரடியாகப் போட்டிருந்த இணைப்பு, அடைக்கப்பட்ட நிலையில் இருக்கிறது. அப்படியென்றால் இரண்டாவது மையச் சுவிட்சைச் சார்ந்த கட்டடங்களின் போக்குவரத்து முழுவதும் விடுதிக்குப் போய்த் திரும்பி வந்துகொண்டிருக்கிறதா? விடுதிப் பெட்டி விநாடிக்கு 100 மெகாபிட் மட்டுமே கடத்தும் பெட்டி.


பள்ளத்தூர் முல்லை (இப்போது பெங்களூரில்)

ஆம், அப்படியேதான். தலைமைக்குப் போகும் குறுகிய வழியைத்தான் ஒவ்வொரு சுவிட்சும் திறந்து வைக்கும். மையச் சுவிட்சுகள் இரண்டுக்கும் தலைமை விடுதியில் நேரடியாகவே கிடைப்பதால், அவற்றுக்கு நடுவே உள்ள இணைப்பு தேவையற்றதாகத் தோன்றி அடைபட்டுவிட்டது. மாலை நேரத்தில் மாணவர்கள் படம் பார்க்கத் தொடங்கினால் அலுவலகத்தில் மெதுவாகிறது என்று புகார் வந்திருக்குமே?

மீடியா கன்வெர்ட்டரைக் கேட்டதற்குக் காரணம் இதுதான். விடுதியில் மின்சாரம் போனாலும் கல்லூரிப் பக்கத்தில் இருக்கும் கன்வெர்ட்டருக்கு யூபிஎஸ் இருப்பதால், மையச் சுவிட்சின் போர்ட்டில் விளக்கு பச்சையாகவே எரிந்துகொண்டிருக்கும். இணைப்பு அறுந்தது என்றே அதற்குத் தெரியாது. ஆகவே முதல் 20 விநாடிகளையும் முழுதாகக் காத்திருந்து தீர்க்கிறது.

தீர்வுக்குக் காசு இல்லை. முதல் மையச் சுவிட்சின் முன்னுரிமையை 4096 என்றும், இரண்டாவதன் முன்னுரிமையை 8192 என்றும் மாற்றுங்கள். இரண்டையும் 2001இல் வந்த 802.1டபிள்யூ எனும் விரைவு முறைக்கு மாற்றுங்கள். விடுமுறை நாளில் செய்யுங்கள்.


மதுரை ரோடு (வலையமைப்பு நிறுவுநர்)

முல்லை சொன்ன நோயறிதலை நான் முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன், பாராட்டுகிறேன். ஆனால் இந்தக் கதை யார் பக்கம் சாய்கிறது என்பதில்தான் எனக்கு வேறுபாடு. 11 ஆண்டுகள் இந்தப் பிழை மறைந்திருந்ததற்குக் காரணம், எல்லாவற்றையும் ஒன்றாகக் காட்டும் திரை இல்லாமல் போனதுதான். ஒரே நிறுவனத்தின் நிர்வாகத் திரை இருந்திருந்தால், தலைமைச் சுவிட்ச் விடுதியில் இருக்கிறது என்று முதல் நாளே படம் வரைந்து காட்டியிருக்கும்.

தரநிலை என்ற பெயர் மட்டும் காப்பாற்றிவிடாது என்பதற்கு என் சொந்த அனுபவம் ஒன்று. இரண்டு நிறுவனங்களின் சுவிட்சுகளை 802.1எஸ் எனும் பல்மர முறையில் (ஸ்பானிங் ட்ரீயையே பல மரங்களாகப் பிரித்து ஓட்டுவது) ஓர் ஆலையில் இணைத்தேன். பெயர், திருத்த எண், எந்த விலான் (ஒரே கம்பியில் ஓடும் தனித்தனி வலைப்பிரிவு) எந்த மரத்தில் என்ற பட்டியல் ஆகிய மூன்றும் எல்லாச் சுவிட்சிலும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தால்தான் அவை ஒரே வட்டாரமாகச் சேரும். நான் ஒரு பெட்டியில் ஊர்ப் பெயரின் முதல் ஆங்கில எழுத்தைப் பெரிய எழுத்தாகவும், இன்னொரு பெட்டியில் சிறிய எழுத்தாகவும் அடித்துவிட்டேன். எதுவும் நிற்கவில்லை, எந்த விளக்கும் சிவக்கவில்லை. இரண்டு ஃபைபரில் பாதிப் பாதியாகப் போக வேண்டிய போக்குவரத்து எல்லாம் ஒன்றிலேயே போனது. மற்றொன்று எட்டு மாதங்கள் சும்மா கிடந்தது. பிழை என்னுடையதுதான். ஆனால் ஒரே நிறுவனத்தின் கருவியில் அந்தப் பெயரை நான் கையால் அடிக்கவே வேண்டியிருந்திருக்காது.


பள்ளத்தூர் முல்லை (இப்போது பெங்களூரில்)

நியாயமான வாதம். நிர்வாகத் திரையின் பயனை நான் மறுக்கவில்லை. ஆனால் நாம் இரண்டு வேறு பொருள்களை ஒரே பெயரில் பேசுகிறோம் என்று நினைக்கிறேன். ஒரே நிறுவனத்தின் பெட்டிகளை வாங்குவது ஒன்று. அந்தப் பெட்டிகள் தமக்குள் அந்த நிறுவனத்துக்கு மட்டுமே புரியும் மொழியில் பேசும்படி விட்டுவிடுவது வேறொன்று. முன்னதில் எனக்கு ஆட்சேபமே இல்லை. பின்னதில்தான் எல்லாத் துன்பமும் இருக்கிறது, அதுவும் வாங்கும் நாளில் அல்ல, விலகும் நாளில்.

வலையமைப்புக் கருவிகள் செய்யும் சிஸ்கோவையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் பெரும்பாலோருக்கு அதுதான் பழக்கம். அவர்கள் பல சமயங்களில் தரநிலை வருவதற்கு முன்பே நல்ல தீர்வைக் கொடுத்தவர்கள் என்பதை மறைக்கக் கூடாது. விலான்களை ஒரே கம்பியில் ஏற்ற ஐஎஸ்எல் கொடுத்தார்கள், 802.1கியூ தரநிலை 1998இல்தான் வந்தது. பக்கத்துக் கருவியைக் கண்டறிய சிடிபி கொடுத்தார்கள். அதே வேலைக்கான தரநிலை எல்எல்டிபி 2005இல் வந்தது. பல கம்பிகளை ஒரே இணைப்பாகக் கட்ட அவர்களுக்கென ஒரு முறை இருந்தது, 802.3ஏடி 2000இல் வந்தது. இன்று இந்த மூன்று இடத்திலும் தரநிலை வழியே போவதால் நீங்கள் இழப்பது மிகக் குறைவு, அவர்களுடைய கருவிகளும் தரநிலையைப் பேசுகின்றன. ஆகவே அவர்களிடமே வாங்கினாலும், நிறுவுபவரிடம் எல்எல்டிபியை இயக்கிவிடுங்கள் என்று ஒரு வரி சொன்னால் போதும். சொல்லாவிட்டால் இயல்பாக என்ன இருக்கிறதோ அதுவே ஓடும். பத்து ஆண்டுகள் கழித்து இன்னொருவர் பெட்டியை நடுவில் வைக்கும்போதுதான் அது யாருடைய மொழி என்பது தெரியவரும்.

எந்த வழியே தரவை அனுப்புவது என்று ரூட்டர்கள் தமக்குள் பேசும் வழித்தட முறைகளில் கதை சற்று வேறு. சிஸ்கோவின் ஈஐஜிஆர்பி நல்ல முறை. வேகமானது, அமைப்பதும் எளிது. 2013இல் அதைத் திறந்து வெளியிடப்போவதாகச் சிஸ்கோ அறிவித்தது, 2016இல், இணைய முறைகளை விவரிக்கும் ஆர்எஃப்சி ஆவண வரிசையில் 7868 ஆக வந்தது. ஆனால் அந்த ஆவணத்தின் தகுதி "தகவலுக்காக" என்பதுதான், தரநிலை என்பதல்ல. அச்சிட்டு வெளியிடுவதும், பலர் கூடி ஏற்றுத் தத்தம் கருவிகளில் எழுதி ஒன்றோடொன்று ஓட்டிப் பார்ப்பதும் ஒன்றாகாது. உங்கள் காரைக்குடி - தேவகோட்டை இணைப்புக்கு ஓஎஸ்பிஎஃப் என்ற திறந்த வழித்தட முறை போதும். அதன் இரண்டாம் பதிப்பை விவரிக்கும் ஆர்எஃப்சி 2328 1998இல் வந்தது. நிறுவனத் தரத்தில் ரூட்டர் விற்கும் எவரும் அதைத் தராமல் இருப்பதில்லை.

தரநிலை என்ற முத்திரையும் போதாது என்பதற்கு எதிர்த்திசையிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஈதர்நெட்டுக்குப் போட்டியாக இருந்த டோக்கன் ரிங் என்ற வலையமைப்பு முறை 802.5 என்ற எண்ணோடு முறைப்படி ஐஇஇஇ தரநிலைதான். ஆனால் நடைமுறையில் அது ஐபிஎம் வீட்டுப் பிள்ளையாகவே இருந்தது. டெக், இன்டெல், ஜெராக்ஸ் மூவரும் 1980இல் வெளியிட்டு 1983இல் 802.3 ஆன ஈதர்நெட்டைப் பலர் செய்தார்கள், விலை விழுந்தது, வென்றது. ஆகவே தரநிலை எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். அதைக் குறைந்தது இரண்டு பேர் செய்து ஒன்றோடொன்று பேசவைத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.


புதியவன் (கோட்டையூர்)

நான் இறுதியாண்டு மாணவன். சுவிட்சை இயக்கும் சானிக் என்ற திறந்த மென்பொருளை 2016இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது, 2022இல் அது லினக்ஸ் ஃபவுண்டேஷனுக்குப் போனது. மென்பொருள் இல்லாத வெற்றுச் சுவிட்சை வாங்கி அதை ஏற்றிக்கொண்டால் எந்த நிறுவனத்தின் பிடியும் இல்லையே, ஏன் யாரும் சொல்லவில்லை?


மதுரை ரோடு (வலையமைப்பு நிறுவுநர்)

தம்பி, அது ஆயிரக்கணக்கான சுவிட்சுகளும் அவற்றைக் கவனிக்க மென்பொருள் எழுதும் ஆட்களும் உள்ள தரவு மையங்களுக்காகப் பிறந்தது. அண்ணனிடம் இருப்பது 48 சுவிட்சும் ஓர் உதவியாளரும். வீட்டில் ஒரு சுவிட்சில் போட்டுக் கற்றுக்கொள்ளுங்கள், உங்களுக்கு வேலை கிடைக்கும்.


மூன்றாம்கட்டு (கானாடுகாத்தான்)

எங்கள் குடும்ப வீட்டை விருந்தினர் விடுதியாக நடத்துகிறேன். வைஃபையைப் பொறுத்தவரை மதுரை ரோடு ஐயாவின் பக்கம்தான் நான், அதற்குக் காரணம் சுவர்.

இந்த ஊர் வீடுகளைத் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. முகப்பிலிருந்து வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடு. செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டிய தடித்த சுவர், அதன்மேல் கண்ணாடிபோல் இழைத்த பூச்சு, பர்மாத் தேக்குக் கதவு. அறைக்கு வெளியே இருக்கும் கருவியின் 5 கிகாஹெர்ட்ஸ் அலை உள்ளே போவதற்குள் செத்துவிடுகிறது. சுவரில் துளையிட மனம் வராது. ஒருமுறை பெயர்ந்தால் அந்தப் பூச்சை மறுபடி இழைக்க ஆள் கிடைப்பதும் அரிது. ஆத்தங்குடிக் கல்லைப் பெயர்த்து அடியில் கம்பி ஓட்டுவதையும் நினைக்க முடியாது. கடைசியில் வளவுத் தூண்களின் மேல் ஓடும் உத்திரத்தின் மறைவில் கம்பியைக் கொண்டுபோய், பழைய மின்கம்பிகள் நுழைந்த அதே துளைகள் வழியாக அறைக்கு ஒன்றாக 19 கருவிகள் வைத்தோம்.

இவ்வளவு நெருக்கமாகக் கருவிகள் இருக்கும்போது, எது எந்த அலைவரிசையில் எவ்வளவு வலிமையோடு பேச வேண்டும் என்பதை ஒரு தலைமைக் கருவி தீர்மானித்தாக வேண்டும். முதலில் இரண்டு நிறுவனக் கருவிகளைக் கலந்து வைத்தேன். ஒன்றின் தலைமைக்கு மற்றதன் கருவிகள் கண்ணில் படவே இல்லை. விருந்தினர் முகப்பிலிருந்து வளவுக்கு நடந்தால் பேசிக்கொண்டிருந்த வீடியோ அழைப்பு அறுந்தது.


பள்ளத்தூர் முல்லை (இப்போது பெங்களூரில்)

மூன்றாம்கட்டு ஐயா சொல்வது சரியான விதிவிலக்கு, நான் சண்டையிட மாட்டேன். தலைமைக் கருவியும் வைஃபை கருவிகளும் வெவ்வேறு நிறுவனத்தைச் சேர்ந்தவையாக இருந்தாலும் இணைந்து ஓட வேண்டும் என்பதற்காகவே கேப்வாப் என்ற முறையை 2009இல் ஆர்எஃப்சி 5415 ஆக எழுதினார்கள். செய்தி போகும் உறையைத் தரப்படுத்தினார்கள். உள்ளே இருக்கும் கடிதத்தை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பம்போல் எழுதிக்கொண்டது. இன்றும் ஒரு நிறுவனத்தின் தலைமையில் இன்னொரு நிறுவனத்தின் கருவியை நம்பிச் சேர்க்க முடியாது. ஆகவே வைஃபையை ஒரு கட்டடத்துக்குள் ஒரே நிறுவனமாக வைத்துக்கொள்வதுதான் நடைமுறை.

ஆனால் அந்த வைஃபைக்கும் மற்ற வலையமைப்புக்கும் நடுவே உள்ள வாசலைக் கவனியுங்கள். விருந்தினர் கைபேசி கருவியோடு பேசுவது 802.11, கருவி சுவிட்சிடம் மின்சாரம் வாங்குவது 802.3, கடவுச்சொல்லைச் சரிபார்ப்பது ரேடியஸ். எல்லாம் திறந்தவை. உள்ளே அவர்கள் எந்த மொழி பேசினாலும் வாசலில் பொதுமொழி பேசினால், நாளை வைஃபையை மட்டும் மொத்தமாகக் கழற்றி வேறொன்றைப் பொருத்தலாம்; சுவிட்சைத் தொட வேண்டியதில்லை.


நெல்லுமண்டி (புதுவயல்)

மின்சாரம் என்றதும் நினைவுக்கு வந்தது. எங்கள் அரிசி ஆலையில் எடைமேடைக்கு மேலே ஒரு கேமரா வைக்கும்போது, பொருத்த வந்தவர் கம்பி வழியே 24 வோல்ட் அனுப்பும் மலிவான பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். அது யார் மறுமுனையில் இருக்கிறார் என்று கேட்காது, செருகியவுடன் மின்சாரத்தை அனுப்பிவிடும். இரண்டு மாதம் கழித்து எங்கள் பையன் தவறுதலாக அந்தக் கம்பியை எடைமேடைக் கணினியில் செருகினான். கணினியின் நெட்வொர்க் போர்ட் கருகிய வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. அறுவடைக் காலத்தில் லாரிகள் சாலை வரைக்கும் நின்றன.

பிறகுதான் 2003இலேயே வந்த 802.3ஏஎஃப் தரநிலையைப் பற்றித் தெரிந்துகொண்டேன். அதன்படி செய்த சுவிட்ச், முதலில் சிறு அழுத்தத்தில் தொட்டுப் பார்த்து, மறுமுனையில் ஏறத்தாழ 25 கிலோ ஓம் தடை அடையாளம் தெரிந்தால்தான் முழு அழுத்தத்தையும் அனுப்புமாம். இதைக் கேட்டபோது, தரநிலை என்பது வாங்கும் விற்கும் சண்டைக்கு மட்டுமல்ல என்று புரிந்தது.

கேமராக்களிலும் இதே கதைதான். கேமராக்களுக்கான பொதுமுறையான ஆன்விஃப் என்று எழுதியிருந்தால் எந்தக் கேமராவும் எந்தப் பதிவுப் பெட்டியோடும் பேசும் என்றார்கள். படம் வருகிறது, உண்மை. ஆனால் ஆள் நடமாட்டத்தைப் பார்த்து எச்சரிக்கும் வசதி எல்லாம் அதே நிறுவனத்தின் பெட்டியோடு சேர்ந்தால்தான் வேலை செய்கிறது.


அச்சுக்கோப்பு (தேவகோட்டை)

நான் வலையமைப்பு ஆள் அல்ல, அச்சகம் நடத்துபவன். ஆனாலும் இந்த விவாதம் எங்களுக்குப் புதிதல்ல. ஒவ்வொரு எழுத்துரு நிறுவனமும் தமிழுக்குத் தனக்கென ஒரு குறியீட்டு முறையை வைத்திருந்த காலத்தில் நாங்கள் அடித்த திருமண அழைப்பிதழ்களும் கும்பாபிஷேக மலர்களும் இன்று திறந்தால் ஆங்கில எழுத்துச் சிதறலாகத் தெரிகின்றன. 1999இல் சென்னைத் தமிழ்நெட் மாநாட்டையொட்டி டாம், டாப் என்று பொதுமுறைகள் வந்தன. 2010இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. எனக்கு எழுத்துரு விற்றவர் கடையை மூடிப் பல ஆண்டுகள் ஆகின்றன. கோப்புகள் மட்டும் என்னிடம் இருக்கின்றன.


மதுரை ரோடு (வலையமைப்பு நிறுவுநர்)

அச்சுக்கோப்பு ஐயாவின் வருத்தம் புரிகிறது, ஆனால் ஒப்புமை முழுதாகப் பொருந்தாது. எழுத்துருவில் சேமித்த கோப்பு காலத்துக்கும் நிற்கிறது. சுவிட்சில் எதுவும் சேமிப்பதில்லை. தரவுப் பொட்டலம் போன மறுநொடி மறைந்துவிடுகிறது. பழைய பெட்டியைக் கழற்றிவிட்டுப் புதியதை வைத்தால் பழைய மொழியின் சுவடே இருக்காது.


வலைக்காரன் (காரைக்குடி)

ஐயா, அந்த ஓர் இடத்தில் மட்டும் உங்களோடு நான் ஒத்துப்போகவில்லை. எல்லாவற்றையும் ஒரே இரவில் கழற்ற முடிந்தால் நீங்கள் சொல்வது சரி. எங்களைப் போன்றவர்களுக்கு ஆண்டுக்குப் பத்து சுவிட்சுக்குத்தான் பணம் ஒதுக்குவார்கள். ஆகவே பழையதும் புதியதும் நான்கைந்து ஆண்டுகள் சேர்ந்தே வாழ வேண்டும். அந்த ஆண்டுகளில்தான் எந்த மொழி என்பது கழுத்தைப் பிடிக்கிறது.

நிறுவனமும் நிலையானது என்று சொல்வதற்கில்லை. கல்லூரியின் பழைய கட்டடத்தில் நார்டெல் நிறுவனத்தின் பெட்டி ஒன்று இருந்தது. 2009 ஜனவரியில் நார்டெல் திவால் மனு கொடுத்தது. அந்தப் பிரிவை அதே ஆண்டில் அவாயா வாங்கியது. அவாயா 2017இல் திவால் மனு கொடுத்தது. வலையமைப்புப் பிரிவு எக்ஸ்ட்ரீம் கைக்குப் போனது. பெட்டி அதே இடத்தில்தான் இருந்தது, ஆதரவுக்கு எழுத வேண்டிய முகவரிதான் இரண்டு முறை மாறியது. மற்ற வலைக்கருவி நிறுவனங்களில் 3காம் 2010இல் எச்பியிடம் போனது, அரூபா 2015இல் அதே எச்பியிடம் போனது, ஜூனிப்பர் 2025இல் எச்பியிலிருந்து பிரிந்த எச்பிஇயிடம் போனது. அதனால் ஒரே நிறுவனம் என்று இன்று கையெழுத்திடுகிறபோது, அது 5 ஆண்டுகள் கழித்து யாருடைய நிறுவனமாக இருக்கும் என்று எனக்குச் சொல்ல முடியுமா?

ஆள் பற்றிய உங்கள் வாதம்தான் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. என் முந்தைய உதவியாளர் சிங்கப்பூர் போய்விட்டார், புதியவர் வந்து நான்கு மாதம் ஆகிறது. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கப் போன காலத்தில், மூன்றாண்டுக் கணக்கு முடித்து ஊர் திரும்பும் முகவர் பேரேட்டை ஒப்படைத்தால், அடுத்து வந்தவர் அன்றே கணக்கைத் தொடர முடிந்தது என்று என் தாத்தா சொல்வார். எல்லாக் கடையிலும் எழுதும் முறை ஒன்றே என்பதால். எனக்கு வேண்டியது அதுதான். புதிய பையன் படித்துவிட்டு வந்த கட்டளை எந்த நிறுவனத்துடையதானாலும், ஓஎஸ்பிஎஃப் என்றால் என்ன என்று தெரிந்திருந்தால் இரண்டு நாளில் பிடித்துக்கொள்வார்.

ஞாயிற்றுக்கிழமை முன்னுரிமை எண்ணை மாற்றி, விரைவு முறைக்கும் மாற்றினேன். பிறகு வார்டனிடம் சொல்லி விடுதியின் மெயினை இறக்கச் சொன்னேன். கல்லூரியில் இணைப்பைச் சோதிக்க அனுப்பிய ஒரு பிங் செய்திகூடத் தவறவில்லை. மையச் சுவிட்சுகளுக்கு நடுவே உள்ள இணைப்பின் விளக்கு முதன்முறையாக விடாமல் துடிப்பதைப் பார்த்தேன்.


மதுரை ரோடு (வலையமைப்பு நிறுவுநர்)

நல்ல செய்தி. அப்படியென்றால் டீலரின் முதல் வாதம் விழுந்துவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். இனி எதை வாங்கினாலும் இரண்டு விஷயத்தை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எதிர்த்தரப்பில் இருந்து சொல்கிறேன், நம்புங்கள்.

ஒன்று, அந்த 5 ஆண்டு உரிமம் முடிந்த மறுநாள் என்ன ஆகும் என்பது. சில நிறுவனங்களில் திரை மட்டும் மறையும், பெட்டி ஓடிக்கொண்டிருக்கும். சிலவற்றில் பெட்டியே போக்குவரத்தை நிறுத்திவிடும். என் வாடிக்கையாளர் ஒருவருக்குப் புதுப்பிக்கும் காசோலை மூன்று வாரம் தாமதமானதில் இது நடந்தது. இன்னொன்று, சுவிட்சில் ஃபைபர் மாட்டுவதற்காகச் செருகும் எஸ்எஃப்பி எனும் சிறு கருவி. அளவும் மின்னிணைப்பும் பல நிறுவனங்கள் கூடி ஒப்புக்கொண்டவைதான். ஆனால் உள்ளே ஒரு சிறு நினைவகத்தில் தயாரிப்பாளர் பெயர் எழுதியிருக்கும். அதைப் படித்துவிட்டு, என் வீட்டுப் பெயர் இல்லை என்று போர்ட்டை மூடிவிடும் சுவிட்சுகள் உண்டு. மென்பொருளைப் புதுப்பித்த இரவில் ஓர் இடத்தில் எனக்கு ஆறு ஃபைபர் ஒன்றாக இருண்டது. மாற்று எஸ்எஃப்பியை ஏற்குமா, ஏற்றால் ஆதரவை மறுப்பார்களா என்பதைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.


வலைக்காரன் (காரைக்குடி)

இரண்டையும் அப்படியே குறித்துக்கொண்டேன், நன்றி ஐயா.

செயலாளரிடம் இன்று பேசினேன். சுவிட்சுகள் எல்லாம் ஒரே நிறுவனம், உங்கள் வாதத்துக்காக. வைஃபையும் ஒரே நிறுவனம், ஆனால் அது சுவிட்ச் நிறுவனமாக இருக்க வேண்டியதில்லை. ஃபயர்வால் தனி. கொள்முதல் ஆணையில் 802.1டபிள்யூ, 802.3ஏடி, எல்எல்டிபி, ஓஎஸ்பிஎஃப் ஆகியவை உரிமம் இல்லாமலே ஓட வேண்டும் என்று ஒரு பத்தி சேர்க்கிறோம். முழுத் தொகையைக் கொடுப்பதற்கு முன், வேறு நிறுவனத்தின் சுவிட்ச் ஒன்றை அவர்களுடைய மையச் சுவிட்சோடு இரண்டு கம்பிகளால் கட்டி, ஒரு கம்பியைப் பிடுங்கி, எங்கள் கண்முன்னே ஓட்டிக்காட்ட வேண்டும் என்பது நிபந்தனை. டீலர் முகம் சுளித்தார், ஆனால் மறுக்கவில்லை. விலை எவ்வளவு இறங்கும் என்று இந்த வாரம் தெரியும்.

அந்தச் சோதனைக்கு, எங்கள் நிறுவனமும் இல்லாத, அவர்கள் நிறுவனமும் இல்லாத ஒரு சுவிட்ச் இரண்டு நாளைக்கு இரவல் வேண்டும். யாரிடமாவது இருக்கிறதா?


நெல்லுமண்டி (புதுவயல்)

என்னிடம் 24 போர்ட் ஒன்று சும்மா இருக்கிறது. விசிறி சத்தம் நெல் அரைக்கும் சத்தத்துக்குச் சற்றுக் குறைவாக இருக்கும், மற்றபடி நன்றாக ஓடுகிறது. புதன்கிழமை காரைக்குடிக்கு லோடு வருகிறது, வண்டியில் கொடுத்தனுப்புகிறேன். உள்ளே தவிடு இருந்தால் ஊதிவிட்டுப் போடுங்கள்.